கடைசி ஒப்புகைக்கு ஒப்புகை இல்லை

2021 ஜனவரி 28, தைப்பூசம். மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருந்தது. பத்துமலைக்குப் பக்தர்கள் வரக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். காவடி இல்லை, பால்குடம் இல்லை, 272 படிகளும் வெறிச்சோடிக் கிடந்தன. பூசையை நேரலையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்த ஆண்டின் ஏற்பாடு. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும், மற்ற ஊர்களைப் போலவே, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசித் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டிய தைப்பூசம் அது. இப்படிக் கும்பிட்டால் போய்ச் சேருமா என்று வயதானவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அது நியாயமான சந்தேகம்.

அதைச் சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. பக்தி மரபு இந்தக் கேள்வியோடுதான் வளர்ந்திருக்கிறது. திருவாய்மொழியில் நம்மாழ்வார் நாரையையும் குயிலையும் அன்னத்தையும் இறைவனிடம் தூதாகப் போகச் சொல்கிறார். போன பறவை திரும்பி வந்து இன்ன பதில் என்று சொன்னதாக அந்தப் பதிகத்தில் இல்லை. அனுப்பியவர் கையில் இருப்பது அனுப்பிய நினைவு மட்டும். பதில் வராதபோது சொன்னது சேர்ந்தது என்று எப்படி அறிவது? சேர்ந்ததா என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்கு என்ன பொருள்?

கணினிப் பொறியாளர்கள் 1970களில் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கண்ட விடை இணையத்தின் அடித்தளமாக இன்றும் இருக்கிறது. சமய நம்பிக்கை உள்ள ஒருவர் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

முதலில் அந்த நேரலையையே எடுத்துக்கொள்ளலாம். திரையில் தெரியும் தீபாராதனை சில நொடிகளுக்கு முந்தையது. சில சமயம் அரை நிமிடம்கூடப் பழையது. படத்தைத் துண்டு துண்டாக்கி, சுருக்கி, பல சர்வர்கள் வழியே அனுப்பி, கைப்பேசியில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே ஓடவிடுகிறார்கள். பக்தர் கைகூப்பும் நேரத்தில் அங்கே குருக்கள் தட்டைக் கீழே வைத்திருக்கலாம். எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது. வந்த துண்டுகளுக்கெல்லாம் கைப்பேசி ‘கிடைத்தது, கிடைத்தது’ என்று ஓயாமல் பதில் அனுப்புகிறது. அந்தப் பதில்தான் ஒப்புகை. பார்ப்பவர் வாய் திறக்காவிட்டாலும், தூங்கியே போயிருந்தாலும், ஒப்புகை போய்க்கொண்டுதான் இருக்கும். கூப்பிய கையைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை.

இனி ஒரு செய்தி மலையிலிருந்து எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம்.

கேமரன் மலையின் குனோங் பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டருக்கும் சற்று அதிக உயரம். உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. சரிவில் சுங்கை பாலாஸ் தோட்டம். 1929ல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களில் ஒன்று. மலைப் பிரதேசத்தில் கோபுரம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. நடுவில் ஒரு மேடு குறுக்கிட்டால் லைன் போய்விடும். ஒரு வளைவில் நின்றால் கிடைக்கும், பத்தடி தள்ளினால் கிடைக்காது. அப்படி ஒரு தோட்டத்திலிருந்து, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கு ஓர் அம்மா ‘முருகா’ என்று ஒரே சொல்லைப் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

நமக்கு அது மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு: ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, கால். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக மொத்தம் 18 பைட். இதை ஓர் உறைக்குள் போட வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு என்ற முகவரியைத் தாங்கும் ஐபி தலைப்பு குறைந்தது 20 பைட். எத்தனையாவது துண்டு, எதுவரை வந்து சேர்ந்தது என்ற கணக்கைத் தாங்கும் டிசிபி தலைப்பு இன்னொரு 20 பைட். உள்ளே இருப்பதைவிட உறை இரண்டு மடங்குக்கும் மேல். செய்தியைப் பூட்டி அனுப்பும் மறையாக்கத்தைச் சேர்க்காமலே இவ்வளவு.

இந்தப் பொட்டலத்தைச் சுமந்து போகும் ஐபி நெறிமுறையின் குணம் கவனிக்கத் தக்கது. 1981 செப்டம்பரில் வெளியான அதன் வரையறை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. பொட்டலம் வழியில் தொலையலாம், இரண்டாக வந்து சேரலாம், பின்னால் அனுப்பியது முன்னால் வரலாம். முயன்று பார்க்கிறேன், அவ்வளவுதான் என்கிறது ஐபி. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆயுள் என்று ஓர் எண் எழுதியிருக்கும். பெரும்பாலும் 64 அல்லது 128. ஒரு ரவுட்டரைக் கடக்கும்போது ஒன்று குறையும். பூச்சியமானால் அந்த இடத்திலேயே கைவிடப்படும். வழி தவறிய பொட்டலங்கள் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வராமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறவிச் சுழலைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு நிமிடம் மனம் நிற்கும்.

உத்தரவாதமே தராத ஒன்றின் மேல் நம்பகமான தொடர்பை எப்படிக் கட்டுவது? வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு வழி காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்த டிசிபி, ஐபி நெறிமுறைகளுக்கு 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முழுவதுமாக மாறியது. டிசிபி செய்வது இது: பேச்சைத் தொடங்கும் முன் மூன்று முறை கேட்டுச் சொல்லிக்கொள்கிறது. ‘பேசலாமா?’ என்று ஒருவர். ‘கேட்டது, பேசலாம்; என்னைக் கேட்கிறதா?’ என்று மற்றவர். ‘கேட்கிறது’ என்று முதலாமவர். பிறகு ஒவ்வொரு பைட்டுக்கும் எண் போட்டு அனுப்புகிறது. ஒப்புகை வராவிட்டால் மீண்டும் அனுப்புகிறது.

அந்த மூன்றாவது ‘கேட்கிறது’ போய்ச் சேர்ந்ததா? அதைச் சொன்னவருக்கு அந்தக் கணத்தில் தெரியாது. தெரிய வேண்டுமானால் நான்காவதாக ஒரு பதில் வேண்டும். நான்காவது சேர்ந்ததா என்று அறிய ஐந்தாவது. இதற்கு முடிவே இல்லை. 1975ல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹ்யூபர் மூவரும் ஒரு கட்டுரையில் இந்தச் சிக்கலை எடுத்துவைத்தார்கள். 1978ல் ஜிம் கிரே அதை இரண்டு தளபதிகளின் கதையாகச் சொல்ல, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பள்ளத்தாக்கில் எதிரி, அதன் இரு பக்கமும் இரண்டு படைகள். இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. நடுவில் ஓடும் தூதன் பிடிபடலாம். எத்தனை தூதர்களை அனுப்பினாலும், மற்றவர் கட்டாயம் வருவார் என்ற முழு நிச்சயம் இருவருக்கும் ஒருசேரக் கிடைக்கவே கிடைக்காது. இது தொழில்நுட்பக் குறைபாடு என்று எண்ணிவிடக் கூடாது. கம்பி தடித்தாலும் கோபுரம் கூடினாலும் மாறாது. வழியில் செய்தி தொலையும் சாத்தியம் கொஞ்சம் இருந்தாலே போதும், இந்த முடிவு கணிதமாக வந்துவிடுகிறது.

இந்த முடிவு ஒரு பெரிய உண்மையைச் சொல்வதாகவே படுகிறது. பிரிந்திருக்கும் இருவருக்கிடையே ஐயமற்ற நிச்சயம் என்பது இல்லை. ஓர் இடத்தில் நின்று, இனி நம்புகிறேன் என்று சொல்லித்தான் எந்தப் பேச்சும் தொடங்குகிறது. டிசிபி அந்த இடத்தை மூன்றாவது சொல்லில் வைத்தது. நம்பிக்கை என்பது அறிவு குறைந்தவர்களின் வழி என்று பேசுவோர் உண்டு. தினமும் கோடிக்கணக்கான முறை நடக்கும் இந்தச் சிறு உடன்பாட்டைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. நம்பாமல் ஒரு பைட்கூட நகராது.

மௌனத்தை எப்படிப் படிப்பது என்பது அடுத்த கேள்வி. ஒப்புகை வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? தொலைந்துவிட்டது, மறுபடியும் அனுப்பு, இன்னும் வேகமாக அனுப்பு என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றுவது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் அதன் விளைவு தெரிந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கஜ தூரம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த அந்தத் தடத்தில் நொடிக்கு 40 பிட் மட்டுமே போகும் நிலை வந்தது. நெரிசலில் பதில் தாமதமாக, எல்லாக் கணினிகளும் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி, வழியைத் தாங்களே அடைத்துக்கொண்டன. வான் ஜேக்கப்சன் 1988ல் அதற்கு மருந்து சொன்னார். பதில் வராவிட்டால் உன் வேகத்தைக் குறை; மெதுவாகத் தொடங்கு; ஒப்புகை வர வர ஏற்று. காத்திருக்கும் நேரத்தையும் டிசிபி ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்குகிறது: ஒரு நொடி, இரண்டு, நான்கு, எட்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடிப்படையான லினக்ஸ், இயல்பாக 15 முறை, ஏறக்குறைய கால் மணி நேரம் முயன்று பார்த்துவிட்டு, முடியவில்லை என்று ஒளிக்காமல் அறிவிக்கிறது.

இதில் யாருடைய கட்டாயமும் இல்லை. வேகத்தைக் குறைக்காத கணினியைத் தண்டிக்க நடுவில் ஒரு காவலரை யாரும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முனையும் தானாக அடங்கியது, இணையம் பிழைத்தது. திருக்குறளில் அடக்கமுடைமை ஓர் அதிகாரம். அதைப் பள்ளியில் தனிமனித ஒழுக்கமாகவே படித்தோம். பலர் பங்கிடும் ஒரு பாதை அடைபடாமல் இருக்கவும் அதுதான் வழி என்பதற்கு 1986 சாட்சி.

எல்லாவற்றையும் மீண்டும் அனுப்ப வேண்டும் என்பதும் இல்லை. குரல் அழைப்புகள் பெரும்பாலும் யூடிபி என்ற இன்னொரு நெறிமுறை வழியே போகின்றன. 1980ல் ஜான் போஸ்டல் எழுதிய அதன் வரையறை மூன்றே பக்கம். ஒப்புகை கேட்காது, தொலைந்ததைத் தேடாது. பேச்சின் நடுவில் ஓர் அசை தொலைந்தால், இரண்டு நொடி கழித்து அதைக் கொண்டுவந்து கொடுப்பதால் பயனில்லை, உரையாடல் அதற்குள் நகர்ந்துவிட்டிருக்கும். கேமரன் மலைக்கு ஏறும் தாப்பா சாலையின் வளைவுகளில் பேருந்தில் போய்க்கொண்டே பேசும்போது குரல் விட்டு விட்டு வருவது இதனால்தான். போனது போகட்டும், அடுத்ததைக் கேள் என்பது அந்த நெறிமுறையின் முடிவு. காலம் தாழ்ந்தால் சில சொற்களுக்கு மதிப்பு இல்லை என்று அது ஒப்புக்கொள்கிறது.

நடுவில் இருப்பவரின் பங்கு என்ன என்பதில்தான் பழைய தமிழ் அறிவோடு இணையம் நேராக மோதுகிறது. திருக்குறளின் தூது அதிகாரத்தை ஒட்டி மரபில் தூதர்களைத் தரம் பிரித்தார்கள். நிலைமை அறிந்து தானே வகுத்துப் பேசுபவன் தலை. சொன்னதை அப்படியே சொல்பவன் இடை. ஓலையைக் கொடுத்துவிட்டு நிற்பவன் கடை. அரசவைக்கு அது சரி. இணையத்தை வகுத்தவர்களோ கடைசித் தூதனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ரவுட்டருக்கு உறையின் முகவரி தெரிந்தால் போதும். உள்ளே காதலா, கடனா, வேண்டுதலா என்று பார்க்க வேண்டியதில்லை. சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1981ல் முன்வைத்து 1984ல் விரிவாக அச்சிட்ட கட்டுரை இதற்குக் காரணம் சொன்னது. சரியாகச் சேர்ந்ததா, அதைக் கொண்டு காரியம் நடந்ததா என்பதை இரு முனைகளில் இருப்பவர்களால் மட்டுமே உறுதி செய்ய முடியும். எதிர்முனைக் கணினியை அடைந்துவிட்டது என்று நடுவழி தரும் ஒப்புகை பெரிய செய்தி அல்ல. அங்கே அதன்படி ஏதாவது செய்தார்களா என்பதே அனுப்பியவருக்கு வேண்டியது.

கோவில் அலுவலகத்தில் வாங்கும் அர்ச்சனைச் சீட்டுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். பணம் சேர்ந்ததற்கு அது அத்தாட்சி. அதற்கு மேல் ஒன்றை அந்தச் சீட்டு சொல்வதாக எந்த ஆலயமும் கூறுவதில்லை, பக்தரும் அப்படி எண்ணுவதில்லை. நடுவில் இருப்பவர் தரும் ஒப்புகையின் எல்லையைச் சாதாரண பக்தர்கள் எப்போதோ புரிந்துவைத்திருக்கிறார்கள்.

கடைத் தரத் தூதன் எவ்வளவு பெரிய நன்மை என்பது தோட்டத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். மலாயாத் தோட்டங்களில் ஊர்க் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர் எழுத்தரான கிராணியிடமோ வாத்தியாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்வார். பதிலையும் அவரே எழுதித் தர வேண்டும். வீட்டுச் சண்டை, கல்யாணச் செலவு, வட்டிக் கடன் எல்லாம் மூன்றாவது ஆளின் வாய் வழியே போய் வந்தன. கண்ணியமாகப் படித்துச் சொன்னவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். ஆனாலும் மனைவியிடம் சொல்ல வேண்டியதை இன்னொருவர் முன்னால் சொல்வதில் உள்ள கூச்சத்தை யாரும் கணக்கில் எழுதி வைக்கவில்லை. 2016 ஏப்ரலிலிருந்து புலனத்தில் செய்திகள் இரு முனைகளுக்கு மட்டுமே திறக்கும்படி பூட்டி அனுப்பப்படுகின்றன. இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் குரல் பதிவை நடுவில் யாரும் கேட்க முடியாது. முந்தைய தலைமுறைத் தமிழ்ப் பாட்டாளிக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை.

பொட்டலம் பழுதில்லாமல் சேர்ந்தும் சொன்னது சேராமல் போவதுண்டு. தமிழர்கள் இதை அனுபவித்தே அறிந்தார்கள். 1985ல் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கிய காலத்திலும் அதற்குப் பின்னும் தமிழ் எழுத்துக்கு ஆளுக்கொரு குறியீடு இருந்தது. ஒரு குறியீட்டில் எழுதிய மின்னஞ்சலை வேறு எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால் புள்ளியும் கோடுமாகத்தான் தெரியும். எல்லா பைட்டும் ஒழுங்காக வந்திருக்கும், டிசிபி நிறைவாக ஒப்புகை அனுப்பியிருக்கும், படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. யூனிகோட் பரவிய பிறகே இந்தத் தொல்லை நீங்கியது. இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று இரு பக்கமும் முன்பே ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நெறிமுறை என்பதே அந்த முன் உடன்பாடுதான்.

அப்படியானால் தைப்பூசத்தன்று திரையைப் பார்த்துக் கும்பிட்டது போய்ச் சேர்ந்ததா? சைவ சித்தாந்தத்தின் விடை தெளிவானது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் நிறுவிய கொள்கைப்படி இறைவன் உயிரோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கிறான். நடுவே தூரமில்லை, தூரமில்லாத இடத்தில் தொலைவதற்கு வழியே இல்லை. இரண்டு தளபதிகளின் சிக்கல் பிரிந்திருப்பவர்களுக்கு உரியது, உடனிருப்பவனுக்கு அது பொருந்தாது. ஆகவே வேண்டுதல் எங்கும் பயணம் செய்ய வேண்டியதில்லை. அதே நூலின் பன்னிரண்டாம் சூத்திரம் அடியாரையும் ஆலயத்தையும் அரனெனவே தொழச் சொல்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆலயம் செய்தி அனுப்பும் நிலையம் என்றால் நேரலை அதற்கு மாற்றாகிவிடும். சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. ஆலயத்தில் நிற்பது இந்த முனையில் இருக்கும் உயிரைப் பக்குவப்படுத்துகிறது.

ஆகவே வேண்டுதல் வேறு, நேர்த்திக்கடன் வேறு. வீட்டில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டதில் குறையில்லை. தோளில் ஏற்றுகிறேன் என்று சொன்ன காவடியை எந்த நெறிமுறையாலும் சுமந்து கொடுக்க முடியாது. அது உடம்பு செய்ய வேண்டிய காரியம். 2021ல் படியேற முடியாதவர்கள் பின்னொரு தைப்பூசத்தில் ஏறுவதே முறை.

கடவுளிடம் தூரமில்லை என்று சொல்லிவிடலாம். மனிதரிடம் தூரம் இருக்கிறது. அங்கே நெறிமுறைகள் காட்டிய வழிக்கு மதிப்பு அதிகம். பொறுப்பை முனைகளில் வைத்த ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு: லைனே எட்டாத முனைக்கு அந்தப் பொறுப்பை ஏற்கும் வாய்ப்பே கிடையாது. ஐபிக்கு முன் எல்லாப் பொட்டலமும் சமம், ஐபி வரை வந்து சேரும் வசதி சமமாக இல்லை. ஜெண்டேலா என்ற தேசிய இணைப்புத் திட்டத்தை மலேசிய அரசு 2020ல் அறிவித்தது. மலைமடிப்புகளுக்குள் கிடக்கும் தோட்டக் குடியிருப்புகள் அதில் கடைசி வரியாகிவிடக் கூடாது. கட்டுப்பாட்டுக் காலத்தில் பள்ளிப் பாடமும் பூசையும் உறவும் ஒரே கம்பியில்லா நூலில் தொங்கியதைப் பார்த்த பிறகு இணைய இணைப்பை வசதி என்று மட்டும் சொல்வது சரியல்ல, அது நியாயம்.

புலனத்தில் ஒரு சாம்பல் சரிக்குறி விழுந்தால் செய்தி சர்வரை அடைந்தது என்று பொருள். இரண்டு சாம்பல் சரிக்குறி, மகனின் கைப்பேசியை அடைந்தது. இரண்டும் நீலமானால் மகன் அதைத் திறந்தான். மூன்றுமே இயந்திரம் தரும் ஒப்புகைகள். படித்தானா, புரிந்ததா, மனத்தில் பட்டதா என்பதை அந்தக் குறிகள் சொல்லாது. சால்ட்சரும் நண்பர்களும் 40 ஆண்டுகளுக்கு முன் எழுதியதும் இதைத்தான். நீலம் விழுந்துவிட்டது, அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று பிள்ளைகள் இருந்துவிடுகிறார்கள். அம்மாவுக்குத் தெரிவது நீலம் மட்டும்.

கேமரன் மலையிலிருந்து இறங்கி கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைப் படித்தால், நீலமாகிப் பதில் போகாமல் கிடக்கும் அம்மாவின் செய்தியை இப்போதே எடுத்து இரண்டு வரி எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் கூப்பிட்டுப் பேசுங்கள். லைன் விட்டு விட்டு வந்தாலும் பரவாயில்லை.